கோணார்க் சூரியன் கோயில் எப்படி விழுந்தது? மூன்று பேர், மூன்று கதை

மணல்மேடு | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் கோணார்க் போய் வந்தேன். ரயிலில் புவனேசுவரம், அங்கிருந்து பேருந்தில் 65 கிலோமீட்டர். பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சக்கரத்தை நேரில் பார்க்கணும் என்பது பல வருச ஆசை. பக்கத்தில் போய் நின்றால் என் தலைக்கு மேல் இன்னும் நாலு அடி இருக்கிறது சக்கரம். ஆரக்காலுக்குள் வட்டம் வட்டமாகச் சின்னச் சின்ன உருவங்கள். ஒரு வட்டத்தில் ஒரு பெண் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் விரல் நுனி தேய்ந்து போயிருக்கிறது, முகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நாம் படத்தில் பார்க்கும் கோபுரம் கோயிலே இல்லையாம்! அது முன்மண்டபம். சூரியன் இருந்த கருவறை விமானம் அதன் பின்னால், அதைவிட மிக உயரமாக இருந்து விழுந்துவிட்டது. இப்போது அங்கே அடித்தளமும் கற்குவியலும்தான். அங்கே போகும்வரை எனக்கு இது தெரியாது.

ஏன் விழுந்தது என்று கேட்டேன். வழிகாட்டி, உச்சியில் பெரிய காந்தக்கல் இருந்தது, அதைக் கழற்றியதும் சரிந்துவிட்டது என்றார். டீக்கடைப் பெரியவர், ஒரு சின்னப் பையன் உயிரை விட்ட இடம், அந்தப் பாவம் என்றார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், காலாபகாட் என்ற தளபதி இடித்தான் என்றார். எது உண்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புவனேசுவரத்துத் தமிழன் | ஞாயிறு, இரவு 10.55

இங்கே வேலைக்கு வந்து 22 வருசம் ஆகிறது. டீக்கடைப் பெரியவர் சொன்ன கதையை ஒடிசாவில் தெரியாத பிள்ளை கிடையாது. முழுசாகச் சொல்கிறேன்.

மன்னன் நரசிம்மதேவன் 1,200 சிற்பிகளை வைத்துப் பன்னிரண்டு வருசம் வேலை வாங்குகிறான். தலைமைச் சிற்பி பிசு மகாராணா. அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி கர்ப்பம். பிறந்த பையன் தர்மபதன். அப்பாவைப் பார்த்ததே இல்லை, ஆனால் வீட்டில் இருந்த ஓலைகளைப் படித்துச் சிற்ப நூல் முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறான். பன்னிரண்டு வயதில் அப்பாவைத் தேடிக்கொண்டு கோணார்க் வருகிறான். அங்கே எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சிக் கல் உட்கார மாட்டேன் என்கிறது. நாளைக்குள் முடிக்காவிட்டால் 1,200 பேருக்கும் தலை போகும் என்று அரச கட்டளை. பையன் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி, கணக்கைச் சரி செய்து, கல்லை உட்கார வைத்துவிடுகிறான்.

சந்தோசப்பட வேண்டிய இடத்தில்தான் கதை திரும்புகிறது. இத்தனை பேர் செய்யமுடியாததை ஒரு குழந்தை செய்தது என்று ராஜாவுக்குத் தெரிந்தால் நம் கதி என்ன என்று சிற்பிகள் நடுங்குகிறார்கள். அப்பா வாயடைத்து நிற்கிறார். ஆயிரத்து இருநூறு தச்சர்களுக்குப் பொறுப்பா, பெற்ற பிள்ளைக்குப் பொறுப்பா என்று ஒடியாவில் இதைச் சொல்வார்கள். இன்றைக்கும் பேச்சில் வரும் வாசகம். பையன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உச்சியில் ஏறிக் கடலில் குதித்துவிடுகிறான். அன்றைக்குக் கடல் கோயிலை ஒட்டி இருந்தது என்பார்கள். இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இது நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகளுக்கு ஆறு வயதில் இங்கே பக்கத்து வீட்டு அம்மா இதைச் சொன்னபோது அந்த அம்மா அழுததை நான் பார்த்தேன்.

சாரக்கட்டு | திங்கள், காலை 7.15

நான் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களைத் தூக்கி நிறுத்துவதுதான் பிழைப்பு. முதலில் காந்தக் கதையை முடித்துவிடலாம். 52 டன் காந்தம், கடலில் போகும் கப்பலின் திசைகாட்டியெல்லாம் குழம்பியது, மாலுமிகள் வந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள், இப்படியெல்லாம் சொல்கிறார்கள். அப்படி ஒரு கல் இருந்ததற்கு எந்தத் தடயமும் கிடையாது.

ஆனால் கதை எங்கிருந்து முளைத்தது என்று யோசித்தால் ஒன்று பிடிபடுகிறது. கோணார்க்கில் இரும்பு உண்டு, அதுவும் சாதாரணமாக இல்லை. 35 அடி நீளத்துக்கு அடித்து இணைத்த இரும்பு உத்தரம் இன்றைக்கும் அங்கே வளாகத்திலேயே கிடக்கிறது. மணல்மேடு, நீங்கள் பார்த்திருப்பீர்கள், வரிசையாக வைத்திருப்பார்களே. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலும் இரும்புக் கொண்டி போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். கோயில் முழுக்க இரும்பு இழையோடுவதைப் பார்த்த ஜனங்களுக்குக் காந்தம் தோன்றியது ஆச்சரியமில்லை.

அந்த இரும்பே பிறகு எமனாகவும் ஆனது. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் பருக்கும். கல்லுக்குள் பருத்தால் கல் விண்டு போகும்.

அடுத்தது கல். அங்கே மூன்று வகைக் கல். அஸ்திவாரத்துக்கும் படிகளுக்கும் செம்புரைக்கல். வாசல் நிலைக்கும் சூரியன் சிலைகளுக்கும் குளோரைட், கரும்பச்சையாக வழவழவென்று இருக்கும். மீதி முழுக்கக் கொண்டலைட். செதுக்குவதற்கு அருமையான கல், ஆனால் உப்புக்காற்றில் தவிடாக உதிரும். அதனால்தான் அந்தப் பெண்ணின் விரல் தேய்ந்திருக்கிறது. தஞ்சாவூர் 216 அடி கருங்கல்லில் நிற்கிறது, கடலிலிருந்தும் தள்ளி. இவர்கள் அதைவிட உயரமாக, கருங்கல்லைவிட மென்மையான கல்லில், மணலின் மேல் கட்டினார்கள்.

வளைவு கட்டும் முறை அந்தக் கோயிலில் இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் முந்தைய வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி மேலே போய்ச் சேர்ப்பார்கள். உள்ளே நீட்டிய முனை கீழே சாயப் பார்க்கும். அதைச் சாயவிடாமல் அழுத்திப் பிடிப்பது மேலே இருக்கும் எடை. உச்சியில் நெல்லிக்காய் வடிவத்தில் பெரிய கல், ஆமலகம் என்பார்கள், அதன் மேல் கலசம். அந்த எடை போனால் மேல் வரிசைகள் தளரும், மழை இறங்கும், செடி முளைக்கும். ஒரே நாளில் விழ வேண்டியதே இல்லை. ஆக, "உச்சிக் கல்லை எடுத்ததும் விழுந்தது" என்ற பேச்சில் காந்தம் பொய், உச்சிக் கல் பொய் இல்லை.

நெய்தல் | திங்கள், காலை 11.30

சாரக்கட்டு, எல்லாவற்றையும் துருவின் மேல் போட்டுவிட்டால் எப்படி? 1568இல் வங்காள சுல்தானின் தளபதி காலாபகாட் ஒடிசாவுக்குள் புகுந்தது வரலாறு. பூரிக் கோயில் ஏடான மாதளா பாஞ்சியே அவன் கோணார்க்கைத் தாக்கினான் என்கிறது. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடி | திங்கள், மாலை 6.05

நெய்தல், தயங்கவில்லை. நாற்பது வருசம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான், மாணவர்களுக்கும் அப்படியே சொன்னேன். படையெடுப்பு நடந்தது. கோயிலுக்குச் சேதமும் நேர்ந்திருக்கலாம், வழிபாடு நின்று போனதற்கு அது ஒரு பெரிய காரணம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் "இடித்துத் தள்ளினான்" என்பதோடு ஒத்துப்போகாத சாட்சி ஒன்று இருக்கிறது.

அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் தன் அயினி அக்பரியில் இந்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறார். எழுதியது 1590களில், அதாவது காலாபகாட் வந்து போய் இருபது வருசத்துக்கும் மேலே. நாட்டின் பன்னிரண்டு வருச வருமானம் இதற்குச் செலவானது, எளிதில் திருப்தியடையாதவர்களும் பார்த்து மலைத்து நிற்கிறார்கள், சுவர் 150 முழ உயரம், 19 முழக் கனம் என்கிறார். இடிந்து கிடக்கிறது என்று அவர் எழுதவில்லை.

பிறகு 1837இல் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் வந்து வரைந்த படத்தில் விமானத்தின் ஒரு மூலை இன்னும் உயரமாக நிற்கிறது. அந்த மூலையும் 1848 புயலில் போனது. ஆகவே விழுகை ஒரு நாள் சம்பவம் அல்ல. பல தலைமுறைகள் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

வழிபாடு நின்ற கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. கோணார்க் வாசலில் நின்ற அருணத் தூண் இப்போது பூரி ஜகந்நாதர் கோயிலின் சிங்க வாசலில் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மராத்தியர் ஆட்சியில் கொண்டுபோனார்கள். ஒரே கல், 33 அடிக்கு மேல். பூரி போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். உச்சியில் கைகூப்பி இருக்கும் சாரதி அருணன் தன் சூரியனை விட்டு வந்தவன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று, நம்மவர்களுக்காக. கோணார்க் கட்டிய முதலாம் நரசிம்மதேவன் (ஆட்சி 1238 முதல் 1264 வரை) கீழைக் கங்கர் வம்சம். அந்த வம்சத்தில் பூரி ஜகந்நாதர் கோயிலை எழுப்பிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ராஜசுந்தரி, சோழ இளவரசி. பெயரிலேயே சோழமும் கங்கமும் சேர்ந்திருக்கிறது பாருங்கள். கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமான் படை நடத்திப் போனது இந்தச் சோடகங்கன் நாட்டின் மேல்தான். உறவும் பகையும் ஒரே வீட்டுக்குள். இதை வைத்துக்கொண்டு "கோணார்க் தமிழன் கட்டியது" என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோயிலின் அமைப்பு முழுக்க முழுக்கக் கலிங்கப் பாணி, கை ஒடியச் சிற்பிகளுடையது.

ஆடுதுறை அக்கா | திங்கள், இரவு 8.20

ஏட்டுச்சுவடி ஐயா சோடகங்கன் பேரைச் சொன்னதும் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துடுச்சு. அவரோட போர் புரிஞ்ச முதலாம் குலோத்துங்கன் காலத்துலதான் எங்க சூரியனார் கோவில் எழும்புச்சு. கல்வெட்டுல குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம்னு பேரு. அங்க ஒரு சூரியன், இங்க ஒரு சூரியன்.

எங்க தல புராணம் கேளுங்க. காலவ முனிவருக்குத் தனக்குத் தொழுநோய் வரப்போகுதுன்னு தெரிஞ்சு, நவக்கிரகங்களை நோக்கித் தவம் இருக்கார். அவங்க மனசு இரங்கி நோய் வராதுன்னு வரம் கொடுத்துடறாங்க. பிரம்மாவுக்குக் கோபம். கர்ம பலனைக் கொடுக்க மட்டும்தான் உங்களுக்கு அதிகாரம், மாத்த யார் சொன்னான்னு, அந்த நோயை அவங்களே அனுபவிக்கணும்னு சபிச்சுடறார். ஒன்பது பேரும் வெள்ளெருக்கு வனத்துக்கு வந்து, பக்கத்துல திருமங்கலக்குடியில பிராணநாதேசுவரரைக் கும்பிட்டு, எருக்க இலையில தயிர்சாதம் வச்சுச் சாப்பிட்டுக் குணமாகறாங்க. இன்னிக்கும் மங்கலக்குடிக்குப் போயிட்டுத்தான் சூரியனார் கோவிலுக்கு வரணும். ஞாயித்துக்கிழமை உச்சிக்காலத்துல எருக்க இலையில தயிர்சாதம் நிவேதனம் உண்டு. எங்க பாட்டி அந்த இலையைத் தொடறதுக்கு முன்னாடி பால் கையில படாம எப்படிப் பறிக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. காம்பைக் கிள்ளினதும் தலைகீழாப் பிடிச்சு வடிய விடணும்.

அதுல எனக்குப் பிடிச்சதே, தப்பு பண்ணினது கருணையினால. தண்டனை வாங்கினது தெய்வம். கோணார்க்குக்கும் இப்படி நோய்க் கதை இருக்கா?

ஏட்டுச்சுவடி | திங்கள், இரவு 9.45

இருக்கிறது அம்மா, அதே தொழுநோய். கிருஷ்ணருக்கும் ஜாம்பவதிக்கும் பிறந்த சாம்பன் அழகன், செருக்குடையவன். நாரதரை அலட்சியப்படுத்துகிறான். அவர் சூழ்ச்சியால் தந்தையின் சாபத்துக்கு ஆளாகி நோய் வருகிறது. சந்திரபாகை ஆற்றங்கரையில் பன்னிரண்டு வருசம் சூரியனை நோக்கித் தவம் செய்து குணமடைகிறான். ஆற்றில் கிடைத்த சூரியன் சிலையை வைத்துக் கோயில் எழுப்புகிறான்.

ஆனால் சந்திரபாகை என்பது பஞ்சாபில் ஓடும் செனாப். சாம்ப புராணத்தின் பழைய பகுதிகள் பேசும் கோயில் மூலஸ்தானம், இன்றைய பாகிஸ்தானின் முல்தான். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் நேரில் பார்த்த கோயில் அது. அந்தக் கதை நாடு கடந்து கிழக்குக் கடற்கரைக்கு வந்து, வரும்போது ஆற்றின் பெயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோணார்க் அருகில் கடற்கரையில் சந்திரபாகை என்றே ஓர் இடம் உண்டு. கோயில் 13ஆம் நூற்றாண்டு, கதை அதைவிட மிகப் பழையது.

சாம்பன் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. சூரியனுக்குப் பூசை செய்ய உள்ளூரில் ஆள் கிடைக்காமல், சாகத்வீபத்திலிருந்து மகர் என்னும் அந்தணர்களை அழைத்து வருகிறான். இவர்கள் ஈரான் பக்கத்து வழிபாட்டு மரபினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்கு அடையாளம் வடநாட்டுச் சூரியன் சிலைகளின் காலில் இருக்கிறது. முழங்கால் வரை உயர்ந்த காலணி.

மணல்மேடு | செவ்வாய், காலை 6.50

ஐயோ, ஆமாம்! பார்த்தேன். இடிந்த விமானத்தின் வெளிப்புறம் மூன்று திசையிலும் மூன்று சூரியன். தெற்கே காலை, மேற்கே உச்சிப்பொழுது, வடக்கே மாலை. வடக்கே இருப்பவர் குதிரை மேல். நிற்கும் இருவர் காலிலும் காலணி. செருப்புப் போட்ட சாமியா என்று மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது, யாரிடமும் கேட்கவில்லை. நம்மூர்ச் சூரியன் வெறுங்காலோடுதானே நிற்பார்.

ஆடுதுறை அக்கா | செவ்வாய், காலை 7.30

எங்க சூரியன் வெறுங்கால்தான். மேற்குப் பார்த்து, உஷா, சாயாவோட நின்ன கோலம். எதிர்ல குரு. மத்த ஏழு பேரும் சுத்தித் தனித்தனிச் சன்னதியில.

புவனேசுவரத்துத் தமிழன் | செவ்வாய், பிற்பகல் 1.10

கட்டிய கதையிலும் சாரக்கட்டு சொன்ன மணல் இருக்கிறது. மேற்பார்வை பார்த்த அமைச்சர் சிபேய் சாந்தரா. தண்ணீர் நிறைந்த இடத்தில் நடுவில் கல்லைக் கொட்டுகிறார்கள், போட்ட கல்லெல்லாம் முழுகிப் போகிறது. மனசு வெறுத்துப் போய் ஒரு கிழவி வீட்டில் ராத்தங்குகிறார். கிழவி ஆள் யாரென்று தெரியாமல் சூடாகக் கஞ்சி ஊற்றுகிறாள். பசியில் நடுவில் கையை விட்டுச் சுட்டுக்கொள்கிறார். "நீயும் அந்தச் சிபேய் சாந்தரா மாதிரி இருக்கியே, ஓரத்திலிருந்து எடுத்தால் சுடுமா?" என்கிறாள். அடுத்த நாள் கரையோரத்திலிருந்து கல்லை நிரப்பிக்கொண்டே போகச் சொல்கிறார், அஸ்திவாரம் நின்றுவிடுகிறது.

சாரக்கட்டு | செவ்வாய், மாலை 5.40

அந்தக் கிழவி சொன்னதைத்தான் நாங்கள் இன்றைக்கும் செய்கிறோம். சேற்றில் கரையிலிருந்துதான் நிரப்பிக்கொண்டு போகணும்.

கடைசியாக மணல் விசயம். மணல்மேடு, மண்டபத்துக்குள் போக முடியாமல் வாசலைக் கல்வைத்து அடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானம் போனபிறகு மண்டபமும் விழும் என்று பயந்து, ஆங்கிலேயர் காலத்தில் 1903இல் உள்ளே முழுக்க மணலை நிரப்பி நான்கு வாசலையும் மூடிவிட்டார்கள். இப்போது உயிரோடு இருக்கிற யாரும் அந்த மண்டபத்துக்குள் நின்று மேலே பார்த்ததில்லை. அன்றைக்கு அது சரியான முடிவு, 128 அடி உயர மண்டபம் நமக்கு மிஞ்சியிருப்பதே அதனால்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் மணல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. படியப் படிய மேலே இடைவெளி விழும், பக்கச் சுவரைத் தள்ளும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொல்லியல் துறை மணலை அகற்ற 2022இல் ஆயத்த வேலை தொடங்கியது. இதில் அவசரம் கூடாது. ஒரு முழம் மணல் எடுத்தால் அந்த ஒரு முழத்துக்கு உள்ளே முட்டு நிறுத்திவிட்டுத்தான் அடுத்த முழம். தாமதமாகிறது என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நூறு வருசத்துக்கும் மேலாக மணலில் சாய்ந்து நிற்கும் சுவர், சாய மணல் இல்லாதபோது எப்படி நடந்துகொள்ளும் என்பது கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்கில்லை, கூடவே நின்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது.

நெய்தல் | செவ்வாய், இரவு 8.00

1837 படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபிறகு தேடிப் பார்த்தேன். மண்டபத்துக்குப் பின்னால் ஒற்றைக் கொம்பு மாதிரி அந்த மூலை நிற்கிறது. படையெடுப்பு பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் முழுப் பழியும் அதன் மேல் போட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆடுதுறை அக்கா | செவ்வாய், இரவு 8.45

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க பூசையே கிடையாதா? ஒரு விளக்குகூடவா இல்லை?

புவனேசுவரத்துத் தமிழன் | செவ்வாய், இரவு 10.20

பெரிய கோயிலில் கிடையாது அக்கா. ஆனால் ஒன்று இருக்கிறது, மணல்மேடுவும் பார்க்காமல் வந்திருப்பார்.

மண்டபத்தின் கிழக்கு வாசலுக்கு மேலே நவக்கிரகங்கள் செதுக்கிய ஒரு பெரிய குளோரைட் கல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். எடை தாங்காமல் நெடுக்கில் பிளந்து பின்பாதியைக் கழித்துவிட்டு, முன்பாதியை மட்டும் இழுத்தார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பணம் தீர்ந்து மணலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ஊர் ஜனங்கள் அதைக் கும்பிட ஆரம்பித்தார்கள். இப்போது வளாகத்துக்கு வெளியே வடகிழக்கில் ஒரு சின்னக் கட்டடத்தில் இருக்கிறது. ஒன்பது பேரும் வரிசையாகத் தாமரை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணெய் தடவித் தடவிக் கரேலென்று மின்னும். சனிக்கிழமை கூட்டம் இருக்கும், விளக்கு எரியும்.

மாக சப்தமி, அதாவது நம்ம ரத சப்தமி அன்றைக்குச் சந்திரபாகைக் கடற்கரையில் விடிகாலை லட்சக்கணக்கில் ஜனம் முழுக்குப் போடும். இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியன் வரக் காத்திருப்பார்கள். குளித்துவிட்டு ஈரத் துணியோடு நேரே இந்த நவக்கிரகக் கல்லுக்குத்தான் வருவார்கள்.

ஆடுதுறை அக்கா | செவ்வாய், இரவு 10.35

ரத சப்தமிக்கு எங்க கோவில்லயும் விசேஷம். அதே நாள். அந்த ஒன்பது பேரைப் பாக்கணும் எனக்கு. அடுத்த தையில வர்றோம் தம்பி, தங்க இடம் எதுன்னு மட்டும் எழுதுங்க.

புவனேசுவரத்துத் தமிழன் | செவ்வாய், இரவு 10.50

எங்கள் வீடு இருக்கிறது அக்கா. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் கரையில் நிற்க இடம் கிடைக்கும். சவுக்குத் தோப்பு வழியாக நடக்க வேண்டியிருக்கும், செருப்பு எதுவும் மணலில் நிற்காது. ஸ்வெட்டர் கட்டாயம்.